கல்மணியைத் தொடர்ந்து ஒரு நாள்: ஈரோட்டு அருங்காட்சியகத்திலிருந்து கொடுமணல் வரை

மாவட்ட அருங்காட்சியகங்களுக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். சிற்பமும் பாடம் செய்த பறவையும் ஓலைச்சுவடியும் கனிமத் துண்டும் அடுத்தடுத்து இருக்கும் கூடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நகர்வது என்று அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. ஈரோட்டு அரசு அருங்காட்சியகத்துக்கு என் தந்தையையும் எட்டாம் வகுப்பில் படிக்கும் அக்காள் மகளையும் அழைத்துச் செல்லத் திட்டமிட்டபோது இதைத்தான் முதலில் யோசித்தேன். எல்லாவற்றையும் பார்ப்பதைவிட, ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு, அது தோன்றிய மண் வரை அதே நாளில் தொடர்ந்து போவது என்று முடிவு செய்தோம். துளையிட்டுக் கோத்து அணியும் கல்மணியைத் தேர்ந்தோம். கொங்கு நாட்டில் ஒரு பகல் பொழுதுக்குள் தொடர்ந்து செல்லக்கூடிய பொருள்களில் இதைவிட வளமான ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காங்கேயத்தைச் சுற்றியுள்ள நிலம் மணிக்கற்களுக்குப் பேர்போனது. படியூரில் கிடைத்த பெரில் என்னும் பச்சைக்கல்லுக்காக 1819-20ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர்கள் அங்கே சுரங்கம் தோண்டினார்கள். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கற்கள் கடல் கடந்து போயிருக்கின்றன. மேற்குக் கடற்கரைத் துறைகளிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் நோக்கி வந்த பெருவழியை ஒட்டித்தான், இந்தக் கற்களை மணியாக்கிய பழைய ஊரான கொடுமணல் இருக்கிறது. கோவைப் பக்கத்தில் வெள்ளலூர் உள்ளிட்ட ஊர்களில் உரோமானியக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்திருப்பதற்கும் இந்த வணிகமே காரணம். பதிற்றுப்பத்தில் கபிலர் 'கொடுமணம் பட்ட' என்று தொடங்கி, கொடுமணம் என்னும் பழைய வடிவில் இந்த ஊரின் பெயரைச் சொல்கிறார். அரிசில் கிழார் 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்று அவ்வூரின் கைவேலையையே போற்றுகிறார். சேர அரசர்களைப் பாடிய இரு புலவர்கள் பெயர் சொல்லிப் பாராட்டிய ஒரு தொழிலூர், இன்று ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் ஒரு சிற்றூராக இருக்கிறது. முந்தைய நாள் இரவு இந்த வரிகளை அக்காள் மகளோடு சேர்ந்து வாசித்தேன்; தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தின் (தமிழ் பிராமி) அட்டவணை ஒன்றையும் அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் இந்த ஒரு மணி நேரத்தை அவசியம் ஒதுக்க வேண்டும். தன் பெயரைத் தமிழியில் எழுதிப் பார்த்த குழந்தை, மறுநாள் கல்லிலோ ஓட்டிலோ அந்த எழுத்தைக் காணும்போது நாம் எதுவும் சொல்லாமலேயே அதன் அருகில் போய் நின்றுவிடும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. தமிழக அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாள்களும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். பள்ளி விடுமுறையை நம்பி இரண்டாம் சனிக்கிழமையில் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்க்க நேரும். ஈரோட்டு அருங்காட்சியகம் வ.உ.சி. பூங்காவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டால், கூட்டம் சேர்வதற்குள் ஒவ்வொரு பேழையின் முன்பும் நிதானமாக நிற்க முடியும். வெயில் ஏறுவதற்குள் அடுத்த இடத்துக்கும் போய்விடலாம்.

அருங்காட்சியகத்தில் நாங்கள் முதலில் மணிகள் இருக்கும் பகுதிக்கே நேராகச் சென்றோம். சுற்றிவிட்டுக் கடைசியில் வந்தால் கண் களைத்திருக்கும். கல்மணியைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு: நிறத்தைப் பார்த்த பிறகு துளையைப் பார்க்க வேண்டும். பளிங்கு போன்ற ஒளி ஊடுருவும் கல்லில், இரு பக்கங்களிலிருந்தும் துளையிட்டு நடுவில் சேர்த்த இடம் சில சமயம் வெளிப்படையாகத் தெரியும். இரும்பையே கீறக்கூடிய கடினமான கல்லில், விரல் நுனியளவுகூட இல்லாத ஒரு மணிக்குள் நேர்கோடாகத் துளை போட்டவருடைய கையையும் பொறுமையையும் அந்த ஒரு கோட்டில் காணலாம். அக்காள் மகள் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று, "மாமா, கல்லு உடையாம எப்படித் தொளச்சாங்க?" என்று கேட்டாள். கொடுமணல் அகழாய்வில் உடைத்து வைத்த மூலக்கல், உருட்டிய கல், துளையிட்டும் மெருகேற்றாத மணி, முடிந்த மணி என்று வேலையின் எல்லாப் படிநிலைகளும் கிடைத்திருக்கின்றன. செய்யும்போது உடைந்து கழிக்கப்பட்டவையும் அவற்றில் உண்டு என்று சொன்னேன். உடைந்தவையும் கிடைத்திருக்கின்றன என்பது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்து அவள் போய் நின்றது கனிமங்கள் இருந்த பகுதியில். மெருகேறாத படிகக் கல்லையும் மெருகேறிய மணியையும் ஒரே நாளில் ஒரே கட்டடத்துக்குள் ஒப்பிட்டுப் பார்க்க முடிவது, எல்லாத் துறைப் பொருள்களையும் ஒன்றாக வைத்திருக்கும் மாவட்ட அருங்காட்சியகத்தின் தனிச் சிறப்பு. பலர் குறையாகக் கருதும் அந்தக் கலவையே எங்களுக்கு உதவியது.

என் தந்தை சென்னிமலையில் பல ஆண்டுகள் கைத்தறியில் போர்வை நெய்தவர். அவருக்கு மணிகளில் நாட்டம் இல்லை. பழைய மட்கலங்களைக் கடந்து வந்தவர், கொடுமணலில் சுடுமண் தக்களிகளும் கிடைத்திருக்கின்றன என்று நான் சொன்னதும் நின்றுவிட்டார். "தக்களி இருந்துச்சுன்னா நூலு இருந்திருக்குமல்ல, நூலு இருந்தா தறி இருந்திருக்குமல்ல" என்றவர், தக்களியின் கனத்தைப் பொறுத்து நூலின் முறுக்கு எப்படி மாறும் என்பதைப் பேத்திக்கு விளக்கத் தொடங்கினார். நூலை எப்படி முறுக்குவது என்று அவர் விரல்களால் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அங்கிருந்த பணியாளரும் அருகில் வந்து கேட்டார். குடும்பத்தில் கைத்தொழில் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால், வழிகாட்டி நூலைவிட அவரை முன்னால் நிறுத்துவதே நல்லது. தச்சர் ஆணி அடித்த விதத்தைப் பார்ப்பார், சமையல் செய்கிறவர் பானையின் கழுத்தைப் பார்ப்பார். அவர்கள் கேட்கும் கேள்விகள் நமக்குத் தோன்றாதவை.

பணியாளர்களிடம் பேசுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. எந்தப் பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஊரின் பெயரைச் சொல்லிக் கேட்டால், பெயர்ப்பலகையில் இல்லாத செய்திகள் கிடைக்கும். ஒளிப்படம் எடுப்பதற்கான கட்டணத்தையும் விதியையும் நுழைவுச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபிளாஷைப் பயன்படுத்தாமலிருப்பது ஓலைக்கும் ஓவியத்துக்கும் நல்லது. பெரியார் அண்ணா நினைவகமும் ஈரோட்டு நகருக்குள்தான் இருக்கிறது. அது தனியாக ஒரு நாளைக் கொடுத்துப் பார்க்க வேண்டிய இடம் என்பதால் அன்று அங்கே போகவில்லை. ஒரே நாளில் ஊரிலுள்ள எல்லாவற்றையும் அடக்க முயல்வதால்தான் பல பயணங்கள் மாலையில் வெறும் களைப்பாக முடிகின்றன.

ஈரோட்டிலிருந்து காங்கேயம் செல்லும் சாலையில் அறச்சலூர் வருகிறது. அங்குள்ள நாகமலையில், இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளத்தில், தமிழ் இசை வரலாற்றுக்கும் ஆடல் வரலாற்றுக்கும் இன்றியமையாத ஒரு கல்வெட்டு இருக்கிறது. கொங்கு நாட்டு வரலாற்றுக்காகத் தம் வாழ்நாளைக் கொடுத்த புலவர் செ. இராசு கண்டறிந்து வெளிப்படுத்தியது அது. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த எழுத்தில், வரிக்கு ஐந்தெழுத்தாக ஐந்து வரிகள், 'த', 'தை', 'தா', 'தே' என்னும் ஆடற்சொற்கட்டுகளால் கட்டம் கட்டமாக வெட்டப்பட்டிருக்கின்றன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒரே வரிசை வரும். அருகில் 'எழுத்துப் புணருத்தான் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்' என்ற வரி இருக்கிறது. வண்ணக்கன் என்பவர் மணிகளையும் பொன்னையும் சோதித்து மதிப்பிடுகிறவர். அதாவது இந்த எழுத்துகளைச் சேர்த்து அமைத்தவர் மணி நோட்டம் பார்த்த தேவன் சாத்தன் என்னும் மனிதர். காலையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த மணிகளைப் போன்றவற்றை விரல்களுக்கிடையே உருட்டி, குறை கண்டு, விலை சொல்லிப் பிழைத்த ஒருவர், ஆடலின் தாளத்தையும் எழுத்தில் கட்டத் தெரிந்தவராக இருந்திருக்கிறார். எங்கள் பயணத்தில் நான் மிகவும் மதிக்கும் கணம் அவருடைய பெயரைப் படித்த கணம்தான். அரசர்களின் பெயர்கள் எத்தனையோ கல்வெட்டுகளில் இருக்கின்றன. தொழில் செய்தவர் தன் தொழிலின் பெயரோடு தன் பெயரையும் விட்டுச் சென்றது எத்தனை இடங்களில் இருக்கிறது?

அந்த இடத்துக்குப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். மலையடிவாரத்தில் ஊர்க்காரர் ஒருவரிடம் வழி கேட்டுக்கொண்டு ஏறுவதே பாதுகாப்பு. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "ஏனுங் தம்பி, அப்படிக்கா போனா பாறை வழுக்குமுங்க, அம்மணியக் கூட்டிட்டு இப்படிக்கா வாங்க" என்று தாமே முன்னால் நடந்தார். வழி நீளமில்லை என்றாலும் முள்ளும் பாறையும் உண்டு. செருப்பைவிடக் காலைப் பிடிக்கும் காலணி நல்லது. என் தந்தை கீழே மர நிழலிலேயே உட்கார்ந்துகொண்டார், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். கையில் ஒரு டார்ச் அவசியம் வேண்டும். எழுத்தின் மீது நேராக ஒளியடித்தால் எதுவும் தெரியாது; பாறையின் பக்கவாட்டிலிருந்து, ஏறக்குறையப் பாறையோடு ஒட்டினாற்போல் ஒளியைச் சாய்த்துப் பிடித்தால், வெட்டுகளின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து மேலெழும். எழுத்து நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணக்கட்டியோ மாவோ எண்ணெயோ தடவக் கூடாது. தமிழ்நாட்டின் பல குகைத்தளங்களில் இப்படித் தடவியும், எழுத்தின் மேலேயே தங்கள் பெயர்களைக் கிறுக்கியும் செய்திருக்கும் அழிவைப் பார்த்தால் நெஞ்சு எரிகிறது. பதினெட்டு நூற்றாண்டு மழையும் வெயிலும் அழிக்காத வரியை ஒரு ஆணி அரை நிமிடத்தில் அழித்துவிடும். அக்காள் மகள் நோட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடையாளம் கண்டாள். பிறகு 'த தை தா தை த' என்று தொடையில் தட்டிச் சொல்லிப் பார்த்தாள். வழிகாட்டி வந்த பெரியவரும் கூடவே தலையசைத்தார்.

அறச்சலூருக்கு அருகிலேயே ஓடாநிலை. ஆங்கிலேயரை எதிர்த்து நின்று 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் மணிமண்டபம் அங்கே இருக்கிறது. அவருடைய கோட்டை தரைமட்டமாக்கப்பட்டுவிட்டது. வணங்கிவிட்டுச் சிறிது நேரத்தில் புறப்பட்டோம்.

பகலுணவுக்குச் சென்னிமலை. வீட்டிலிருந்து அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் வறுத்த மோர் மிளகாயும் கொண்டு போயிருந்தோம். இந்த வழியில் சென்னிமலை வரை நல்ல உணவு விடுதிகள் அதிகம் இல்லை என்பதாலும், அரிசிம்பருப்பு ஆறினாலும் சுவை குறையாதது என்பதாலும் இதையே எல்லோருக்கும் சொல்வேன். தண்ணீரை மட்டும் தேவைக்கு மேல் எடுத்துச் செல்ல வேண்டும். மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்கு 1320 படிகள் உண்டு, வாகனம் செல்லும் சாலையும் உண்டு. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலமாக இதைக் கொண்டாடுகிறார்கள். நாங்கள் சாலை வழியே ஏறி வணங்கினோம். இந்த மலைக்கும் எங்கள் மணிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கொடுமணலில் மணி செய்ததோடு இரும்பும் உருக்கினார்கள். உலைகளும் கசடும் உருக்கு (எஃகு) செய்யப் பயன்பட்ட கிண்ணம் போன்ற குவைகளும் அங்கே கிடைத்துள்ளன. அதற்கான இரும்புத்தாது சென்னிமலைப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மலைமேலிருந்து மேற்கே பார்த்து, அந்தத் தாதைச் சுமந்துகொண்டு வண்டிகள் போன திசையைப் பேத்திக்குக் காட்டினார் என் தந்தை. இறங்கி வரும் வழியில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் நிறுத்தச் சொல்லி, அங்கு நெய்துகொண்டிருந்தவரோடு நெடுநேரம் பேசினார். திட்டத்தில் இல்லாத அந்த நேரத்தை நான் சுருக்கவில்லை. காலையில் தக்களியைப் பற்றிப் பேசியவருக்கு அது உரிய நேரம்.

கொடுமணல் சென்னிமலையிலிருந்து மேற்கே சுமார் 15 கிலோமீட்டர். பிற்பகல் வெயில் தாழ்ந்த பிறகு அங்கே சேர்வது போல் நேரத்தை அமைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் நிழல் குறைவு. அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் நேராகக் கொடுமணலுக்கு வருகிறவர்கள் ஏமாற்றமடைவது உறுதி. அகழாய்வுக் குழிகள் ஆய்வு முடிந்ததும் மூடப்பட்டுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரிவது வயலும் மேடும் ஆறும், ஈமக்காட்டுக் கற்களும்தான். 1980களின் நடுவிலிருந்து தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அண்மையில் தமிழகத் தொல்லியல் துறையும் இங்கே அகழ்ந்திருக்கின்றன. பேராசிரியர் கா. ராஜன் இந்த ஊரைப் பற்றி எழுதியவற்றைத் தேடிப் படித்துவிட்டு வந்தால், வெறும் மேடாகத் தெரியும் நிலத்தில் எது குடியிருப்பு, எது தொழிற்கூடம், எது இடுகாடு என்று பிரித்துப் பார்க்க முடியும். 500க்கும் மேற்பட்ட எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் இங்கிருந்து கிடைத்திருக்கின்றன. ஆதன், சாத்தன், சம்பன் சுமணன் போன்ற பெயர்களும், வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல்லும் அவற்றில் உள்ளன. சூதுபவளம் என்னும் செந்நிறக் கல் இந்த மண்ணின் கல் அன்று, குசராத்துப் பக்கத்திலிருந்து வந்தது. அப்படியிருந்தும் ஒரே ஈமச்சின்னத்திலிருந்து 2000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகளை எடுத்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பச்சைக்கல்லும் பளிங்கும் வெளியூர் போனதும், வெளியூர்ச் சூதுபவளம் உள்ளூர் வந்ததும் இந்த நொய்யல் கரையில்தான்.

கல்வட்டங்களில் சிலவற்றின் அருகே உயரமான நெடுங்கல் நிற்கும். கல்லறையின் பலகைக் கல்லில் வட்டமாகத் துளை விட்டிருக்கும் அமைப்பும் இங்கே உண்டு. அவற்றின் மீது ஏறவோ உட்காரவோ கூடாது என்று சிறுவர்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அவை இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்டவை. நிலம் பெரும்பாலும் உழவர்களுடையது என்பதால், வரப்பில் கால் வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. நாங்கள் கேட்டபோது களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "தாராளமாப் பாருங்கொ, மழை பேஞ்சா மணி மேல வந்து கெடக்குமுங்க, எங்க மாமியாருங்க காலத்துல புள்ளைங்க பொறுக்கிக் கோத்துப் போட்டுக்குமாமா" என்றார்.

அக்காள் மகள் உடனே தரையைத் தேடத் தொடங்கியதை நான் தடுக்கவில்லை. தேடலாம், கண்டால் தொடாமல் எனக்குக் காட்ட வேண்டும், எடுத்துச் செல்லக் கூடாது என்று மட்டும் சொன்னேன். காரணத்தையும் விளக்கினேன். மண்ணுக்குள் எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து ஒரு மணி கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தையும் பயனையும் சொல்ல முடியும். எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் அது வெறும் கல். ஊரில் யாராவது மணி விற்பதற்கு வந்தாலும் வாங்கக் கூடாது, வாங்குகிற கை இருப்பதால்தான் தோண்டுகிற கை வருகிறது. தொல்பொருள் கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ மாவட்ட அருங்காட்சியகத்திலோ தெரிவிக்க வேண்டும். பார்த்த இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, அருகிலுள்ள அடையாளத்தையும் குறித்துக்கொண்டால் போதும்.

நொய்யலைப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தைப் பற்றி எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மணி செய்தவர்கள் குடித்த ஆறு திருப்பூர்ச் சாயக் கழிவால் பாழானதும், அதே ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் நஞ்சு தேங்கிச் சுற்றுவட்டார வேளாண்மையைக் கெடுத்ததும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்தப் பகுதி உழவர்கள் இன்றும் மறக்காத வரலாறு. கழிவு வெளியேறாத முறையில்தான் பட்டறைகள் இயங்க வேண்டும் என்ற விதி வந்ததற்குப் பின்னால் இந்த ஊர்களின் நெடுங்காலப் போராட்டம் இருக்கிறது. கரையில் நின்று இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இறந்தகாலத்தின் தொழிலைப் போற்றிவிட்டு, நிகழ்காலத்தின் தொழில் ஆற்றுக்குச் செய்ததை மறைப்பது நேர்மையாகாது.

திரும்பும்போது சென்னிமலை வழியாக ஈரோட்டுக்கு வந்தால் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் வழியில் இருக்கும். வலசைப் பறவைகள் வரும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் போகிறவர்கள், சென்னிமலையில் நேரத்தைக் குறைத்துக்கொண்டு மாலை வெளிச்சம் இருக்கும்போதே அங்கே சேரலாம். நாங்கள் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டதால் நிற்கவில்லை. இந்தச் சுற்றுக்குச் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால்தான் நேரம் கட்டும். பேருந்தில் வருகிறவர்கள் அருங்காட்சியகத்தையும் அறச்சலூரையும் ஒரு நாளிலும், சென்னிமலையையும் கொடுமணலையும் இன்னொரு நாளிலுமாகப் பிரித்துக்கொள்ளலாம். அப்படிப் பிரித்தாலும் அருங்காட்சியகத்தை முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நாகமலைப் பாறையும் கொடுமணல் வெளியும் முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் தாங்காது. ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு மாசி வரை உள்ள காலமே ஏற்றது.